தெற்குப் பார்த்த ஆன்டெனாக்கள்

திருப்பூரின் பழைய தெருக்களில், ராயபுரத்திலோ காதர்பேட்டைப் பக்கத்துச் சந்துகளிலோ, இன்னும் இடித்துக் கட்டப்படாத வீடுகளை அண்ணாந்து பார்த்தால் எப்போதாவது ஓர் அலுமினியச் சட்டம் கண்ணில் படும். நடுத்தண்டு ஒன்று, அதன் குறுக்கே வரிசையாகக் குழாய்கள். பின்னால் இருப்பது சற்று நீளம். முன்னால் போகப் போக நீளம் குறையும். பின்னாலிருந்து இரண்டாவதாக இருப்பது மட்டும் இரு முனைகளும் வளைத்து மூடிய இரட்டைக் குழாய். காக்கைகள் உட்கார்ந்து உட்கார்ந்து ஒன்றிரண்டு குழாய்கள் தொங்கிப்போயிருக்கும். ரிப்பன் வயர் வெயிலில் உரிந்து செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும். எடைக்குப் போகாமல் தப்பிய இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் ஒரே திசையைத்தான் பார்க்கின்றன. கீழே தெரு வளைந்து வளைந்து போனாலும், வீட்டு வாசல் கிழக்கிலோ வடக்கிலோ இருந்தாலும், மேலே ஆன்டெனா தெற்கைப் பார்த்தது. ஊர் முழுவதும் ஒரே பக்கம் திரும்பி நின்ற அந்த எண்பதுகளின் கடைசியையும் தொண்ணூறுகளின் தொடக்கத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டிய காரணம் ஒன்று இன்று வந்திருக்கிறது. வீட்டுக்கு வீடு வைஃபை வந்துவிட்டது. ஆனால் அலையைப் பிடிக்கத் தெரிந்த கை வீட்டில் இல்லாமல் போய்விட்டது.

தெற்கே இருந்தது கொடைக்கானல். அங்கே மலையுச்சியில் எழுந்த தூர்தர்ஷன் கோபுரம் மேற்கு மாவட்டங்களுக்கும் தென்மாவட்டங்களுக்கும் சேர்த்துப் படம் அனுப்பியது. திருப்பூருக்கும் கொடைக்கானலுக்கும் இடையே பறவை பறக்கும் தூரம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். தாராபுரமும் பழனியும் அந்தக் கோட்டை ஒட்டியே வருகின்றன. சமவெளியில் 100 மீட்டர் உயரக் கோபுரம் நட்டால், பூமியின் வளைவு காரணமாக அதன் அலை தரையோரமாக எட்டுவது நாற்பது கிலோமீட்டர் தூரம்தான். கணக்கு எளிது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் என்பது கிடைத்துவிடும். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல், திருப்பூர் சுமார் 300 மீட்டர். இடையிலுள்ள 1,800 மீட்டர் உயரத்துக்கு இந்தக் கணக்கு 175 கிலோமீட்டர் தருகிறது. மாடியில் நட்ட ஒன்பது மீட்டர்க் குழாய் இன்னும் பன்னிரண்டைச் சேர்க்கிறது. மலை செய்த உபகாரம் அது. ஆனாலும் நூறு கிலோமீட்டர் கடந்து வருவதற்குள் அலை மெலிந்துபோகும். வழியில் மேடும் மரமும் கட்டடமும் தின்றது போக மிஞ்சுவதைத்தான் அந்த அலுமினியக் குழாய்கள் அள்ளியாக வேண்டும். ஜப்பானில் ஹிடெட்சுகு யாகி, ஷின்டாரோ உடா என்ற இரு பொறியாளர்கள் 1926-இல் வகுத்த வடிவம் அது. பின்குழாய் அலையைத் திருப்பி அனுப்பும், முன்குழாய்கள் அதை இரட்டைக் குழாயின் மேல் குவிக்கும். அதனால் அந்த ஆன்டெனாவுக்குத் திசை உயிர். திசை பிசகினால் முகங்கள் புள்ளிக் கூட்டத்துக்குள் கரைந்துவிடும்.

இந்தத் திசையைப் பிடிக்கும் வேலைக்கு மூன்று பேர் தேவைப்பட்டார்கள். ஒருவர் மாடியில் குழாயைக் கட்டிப்பிடித்துத் திருப்புவார். ஒருவர் பெட்டிக்கு முன்னால் நிற்பார். இடையில் வாசலிலோ ஜன்னலிலோ ஒருவர் நின்று சேதி கடத்துவார். "இப்பத் தெரியுதுங்களா?" "கிரெயின்ஸ் அடிக்குதுங்க, இன்னுங் கொஞ்சம் பழனிப் பக்கம் திருப்புங்க" என்று ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தெருவெல்லாம் கேட்ட குரல் அது. சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கிய பனியன் கம்பெனிக் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படம் வாரத்தின் மையம். டயனோரா டிவியோ சாலிடேர் டிவியோ வைத்திருந்த வீட்டின் திண்ணை வரைக்கும் பக்கத்து வீட்டார் வந்து உட்கார்ந்திருப்பார்கள். படம் மங்கினால் மானம் போகும். எனவே எல்லாருக்கும் சில விஷயங்கள் தெரிந்திருந்தன. ரிப்பன் வயரை இரும்புக் குழாயோடு ஒட்டிக் கட்டக் கூடாது, இழுத்து விலக்கிக் கட்ட வேண்டும். வயர் நீள நீளப் படம் தேயும். பூஸ்டரைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. மேலே, ஆன்டெனாவின் கழுத்திலேயே மாட்ட வேண்டும். இரட்டை உருவம் விழுந்தால் எங்கோ மோதித் திரும்பும் அலையும் கூடவே வருகிறது என்று பொருள், சட்டத்தைச் சற்றே ஒதுக்கித் திருப்பினால் சரியாகும். சமையலறையில் மிக்ஸி ஓடினால் திரையில் கோடு விழும், வாசலில் மொபெட் போனால் புள்ளி தெறிக்கும். மழைக்காலத்துக்குப் பிறகு மாடியேறி இணைப்பைத் துடைத்து முறுக்கிவிட வேண்டும். இவற்றையெல்லாம் யாரும் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை. ஓவர்லாக் மெஷினுக்கு நூல் கோக்கக் கற்றுக்கொண்ட மாதிரியே, பக்கத்தில் நின்று பார்த்துப் பழகிக்கொண்டார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். அந்தக் காலத்துப் படத்தின் தரம் மோசம், தேர்வுக்கு இடமே இல்லை, அதற்குத் திரும்ப வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் அலையைப் பற்றிய அந்த அறிவு ஒரு பொதுச் சொத்தாக இருந்தது. உயரம், திசை, தடை, வயர், இரைச்சல் என்ற ஐந்தும் சேர்ந்துதான் ஒரு வீட்டின் வரவேற்பைத் தீர்மானிக்கின்றன என்பதைப் பள்ளிக்குப் போகாத பாட்டியும் அறிந்திருந்தார். இன்றைய இலவசத் தொலைக்காட்சிக்கும் வீட்டு வைஃபைக்கும் தேவைப்படுவதும் அதே ஐந்துதான். இடையில் ஏற்பட்ட மாற்றம் என்னவென்றால், குறை கண்ணுக்குத் தெரியாமல் போனது. பழைய அலைபரப்பு தன் நோயைத் திரையிலேயே காட்டியது. குழாயை ஒரு விரற்கடை திருப்பினால் புள்ளி குறைவதைக் கண்கூடாகப் பார்க்க முடிந்தது. கையின் வேலைக்குக் கண் உடனே பதில் சொன்னதால்தான் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். டிஜிட்டல் அலை அப்படி இல்லை. குறிப்பிட்ட எல்லை வரை குறை எதுவும் காட்டாது, எல்லை தாண்டினால் கட்டம் கட்டமாக உறைந்து நின்றுவிடும். வைஃபையோ இன்னும் மோசம். வளையம் சுற்றிக்கொண்டிருக்கும், காரணம் சுவரா, பக்கத்து வீட்டு ரவுட்டரா, கம்பெனியின் கேபிளா என்று எதுவும் தெரியாது. காரணம் தெரியாத இடத்தில் பழி ஒன்றின் மீதே விழுகிறது, மருந்தும் ஒன்றே ஒன்றாகச் சொல்லப்படுகிறது: இன்னும் பெரிய பேக்கேஜ் வாங்கு.

அறிவு மாடியிலிருந்து இறங்கிய கதை நீளமானது. 1991 வாக்கில் செயற்கைக்கோள் சேனல்கள் வந்தன. 1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி தொடங்கியது. தெருவுக்கு ஒரு பெரிய டிஷ்ஷை வைத்துக்கொண்டு, மின்கம்பத்திலிருந்து மின்கம்பத்துக்குக் கறுப்பு வயரை இழுத்துக் கட்டிய கேபிள்காரர் ஊரின் முக்கியமான மனிதரானார். வீட்டில் யாரும் மாடியேற வேண்டியதில்லை. மாதாமாதம் பணம் கொடுத்தால் போதும். தமிழில் நாள் முழுக்க நிகழ்ச்சி பார்க்கும் வாய்ப்பை முதன்முதலில் கொடுத்தது கேபிள்தான். இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வீடு திரும்புகிறவருக்கும் பார்க்க ஏதோ ஒன்று இருந்தது. அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2006-இல் வந்த அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிகளை வழங்கத் தொடங்கியபின் பெட்டி இல்லாத வீடே அருகிப்போனது. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தபோது, அந்தப் பெட்டிகளுக்குத் தீனியும் மலிவாகக் கிடைத்தது. ஆனால் இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றிலும் வீட்டார் வெறும் வாடிக்கையாளர். அலை எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் தேய்கிறது என்ற கேள்வி அவர்களுடையதாக இல்லாமல் போயிற்று. இருபது வருடங்களில் ஒரு தலைமுறை அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே வளர்ந்துவிட்டது.

இதற்கிடையில் கோபுரங்களும் ஓய்ந்தன. தூர்தர்ஷனின் பழைய தரைவழி அலைபரப்பு நாடு முழுவதும் படிப்படியாக நிறுத்தப்பட்டு, 2022-க்குள் ஒருசில இடங்கள் நீங்கலாக முடிந்துபோனது. 2016-இல் சென்னை உட்பட 16 நகரங்களில் தரைவழி டிஜிட்டல் அலைபரப்பு தொடங்கப்பட்டாலும் அது வீடுகளுக்குள் பரவவில்லை. இலவச ஒளிபரப்பு என்று இன்று மிஞ்சியிருப்பது வானத்திலிருந்து வருவது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்று தொடங்கி, இப்போது டிடி ஃப்ரீ டிஷ் என்ற பெயரில் நடக்கும் சேவை அது. டிஷ்ஷுக்கும் செட்டாப் பெட்டிக்கும் ஒருமுறை செலவழித்தால் மாதக் கட்டணமே கிடையாது. அதைக் கொடுக்கும் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் இருக்கிறது. திருப்பூர் மாடியிலிருந்து பார்த்தால் தென்கிழக்குக்குச் சற்றே கிழக்காக, அடிவானத்திலிருந்து சுமார் 67 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலே. எதிர்வீட்டு மாடி மறைக்கும் என்ற பயம் இதில் குறைவு. இந்த உயரக்கோணம் நெருக்கமான திருப்பூர்த் தெருக்களுக்குக் கிடைத்த வசதி. சன் டைரக்ட் டிஷ்கள் பலவும் அதே இடத்தைப் பார்த்தே வைக்கப்பட்டவை. கட்டணம் கட்டாமல் கைவிடப்பட்ட டிஷ் ஒன்று மாடியில் துருப்பிடித்துக் கிடந்தால், புதிய டிஷ்ஷுக்குச் செலவழிக்கும் முன் அதைத் துடைத்து, இலவசப் பெட்டியை இணைத்துப் பார்ப்பது நல்லது. செட்டாப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் சிக்னலின் பலமும் தரமும் எண்ணாகத் தெரியும். டிஷ்ஷை மயிரிழை அசைத்துவிட்டு ஒரு கணம் பொறுத்துப் பார்க்க வேண்டும். டிஜிட்டல் பெட்டிக்குப் பதில் சொல்ல நேரம் பிடிக்கும். பலத்தைவிடத் தரம் என்ற எண்ணே முக்கியம். அன்று திரையில் நேராகத் தெரிந்ததை இன்று அந்த எண்ணில் வாசிக்கிறோம்.

ஃப்ரீ டிஷ்ஷில் தமிழ் எங்கே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பொதிகை என்ற பெயரில் இருந்து 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆன அரசுச் சேனலைத் தாண்டி, தமிழர்கள் விரும்பிப் பார்க்கும் தனியார் சேனல்கள் அதில் மிகக் குறைவு. இடங்கள் ஏலத்தில் விற்கப்படுகின்றன. ஏலத்தில் முந்துபவை பெரும்பாலும் இந்திச் சேனல்கள். இதற்கு என் பதில் இரண்டு பகுதியாக இருக்கிறது. முதலாவது, இன்றைய திருப்பூர் தமிழ் மட்டும் பேசும் ஊர் அல்ல. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் ஆகிய இடங்களிலிருந்து வந்து தைக்கிறவர்களும் செக்கிங் பார்க்கிறவர்களும் சாயப்பட்டறையில் நிற்கிறவர்களும் லைன் வீடுகளிலும் விடுதிகளிலும் நிறைந்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இந்த இலவசப் பெட்டி இப்போதே முழுதாகப் பயன்படும். இதே செயற்கைக்கோள் வழியாக உயர்கல்விப் பாடங்களைத் தரும் ஸ்வயம் பிரபா சேனல்களும் கட்டணமின்றி வருகின்றன. ஷிப்ட் வேலையோடு தபால்வழிப் படிப்பு படிக்கிற பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள். இரண்டாவது, தமிழுக்கு இடம் குறைவு என்பதற்காக அந்தச் சேவையை ஒதுக்கிவிட்டால் கேட்கிற குரலும் இல்லாமல் போகும். வட மாநிலங்களில் பார்ப்பவர்கள் கோடிக்கணக்கில் இருப்பதால்தான் அங்கே சேனல்கள் போட்டி போட்டு இடம் வாங்குகின்றன. தமிழ்நாட்டில் கட்டணமற்ற டிஷ்கள் பெருகினால் ஏலத்தின் கணக்கும் மாறும், தமிழுக்கென்று இடம் ஒதுக்கச் சொல்லிக் கேட்பதற்கும் வலு வரும்.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடப் பலமானது. கையில் போன் இருக்கிறது, டேட்டா மலிவு, இனி யாருக்கு வேண்டும் இந்த ஆன்டெனாவும் டிஷ்ஷும் என்பது அது. கிரிக்கெட் இறுதிப் போட்டி நடக்கும் மாலையில், ஒரு காம்பவுண்டுக்குள் பத்து வீடு இருக்கும் லைன் வீட்டை எண்ணிப் பாருங்கள். பத்து வீட்டிலும் இருபது முப்பது போன்கள். ஒரே பந்து, ஒரே ஓட்டம். ஆனால் செல்கோபுரம் அதை ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக முப்பது முறை அனுப்புகிறது. பார்ப்பவர் கூடக்கூட எல்லாருக்கும் பங்கு குறைகிறது, படம் நிற்கிறது. ஒளிபரப்பில் அந்தக் கணக்கே இல்லை. ஒருவர் பார்த்தாலும் ஒரு கோடிப் பேர் பார்த்தாலும் அனுப்பப்படும் அலை ஒன்றுதான். என் ஆன்டெனா எடுத்துக்கொண்டதால் உங்களுக்குக் குறைவதில்லை. போன் கம்பெனிகளுக்கும் அரசுக்கும் இது தெரியாததல்ல. சிம்மும் இணையமும் இல்லாமல் போனுக்கே நேரடியாக ஒளிபரப்பும் முறையை ஐஐடி கான்பூரின் துணையோடு பிரசார் பாரதி சோதித்து வருகிறது. அதற்காகப் பேசப்படும் அலைவரிசை, தொலைக்காட்சிக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்த 470 முதல் 582 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை. கோபுரத்திலிருந்து வீட்டுக்கு நேராக வரும் இலவச அலை என்ற பழைய யோசனை உயிரோடுதான் இருக்கிறது. எது எல்லாரும் ஒரே நேரத்தில் பார்ப்பதோ அது ஒளிபரப்பில் வரட்டும்; எது ஒவ்வொருவருக்கும் தனியானதோ, ஊரிலிருக்கும் அம்மாவோடு வீடியோ காலில் பேசுவது, பையரோடு மாதிரித் துணியின் நிறம் பார்ப்பது, பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு, அவையெல்லாம் இணையத்தில் போகட்டும். வீட்டுத் தொலைக்காட்சியை டிஷ்ஷுக்கு மாற்றிய உடனே அந்த வீட்டின் வைஃபைக்கு மூச்சு விட இடம் கிடைக்கும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

வைஃபைக்கு வருவோம். கொடைக்கானல் போன்ற உயர்சக்தி நிலையங்கள் கிலோவாட் கணக்கில் அலையைக் கொட்டின. வீட்டு ரவுட்டர் வெளியிடுவது பொதுவாக ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. அலையின் நீளமும் வேறு. தொலைக்காட்சி அலை மீட்டர் கணக்கில் நீண்டது, அதனால் ஆன்டெனாவும் ஆள் உயரம். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை பன்னிரண்டரை சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஐந்தாறு சென்டிமீட்டர். இவ்வளவு சிறிய அலையும் இவ்வளவு சிறிய சக்தியும் ஒரு கான்கிரீட் தளத்தைக் கடந்து மாடிக்குப் போவதே பெரிய காரியம். இது தெரிந்தால் ரவுட்டரை எங்கே வைக்கக் கூடாது என்பது தானாகவே புரியும். பல வீடுகளில் அது கேபிள் நுழைகிற மூலையில், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலோ, பரண் மேலோ, டிவிக்குப் பின்னாலோ, ஸ்டீல் பீரோவுக்கு மேலேயோ உட்கார்ந்திருக்கிறது. பீரோவின் தகடும் கண்ணாடியின் பின்பூச்சும் அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் நிறைந்த டேங்க் அதை விழுங்கும். மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான், அன்று மிக்ஸி செய்த வேலையை இன்று அது செய்கிறது. ரவுட்டர் வீட்டின் நடுவில், தலைக்கு மேலான உயரத்தில், திறந்த இடத்தில் இருக்க வேண்டும். அதன் குச்சிகள் நுனியிலிருந்து அலையைப் பீய்ச்சுவதில்லை, பக்கவாட்டில்தான் பரப்புகின்றன. எல்லாக் குச்சிகளும் நிமிர்ந்து நின்றால் அதே தளத்துக்கு நன்மை. மாடியறைக்கும் போக வேண்டுமென்றால் ஒன்றைப் படுக்க வைக்க வேண்டும். இத்தனைக்கும் செலவு சில மீட்டர் வயர் மட்டும்.

திருப்பூருக்கென்றே உள்ள சிக்கல் லைன் வீடு. நடுச்சுவர் பொதுவாக, வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். பல இடங்களில் மேலே தகர ஷீட்டோ சிமென்ட் ஷீட்டோ. தகரக் கூரையின் கீழ் செல்போன் அலை வெளியிலிருந்து நுழையத் திணறும். உள்ளே இருக்கும் வைஃபை அலையோ அங்குமிங்கும் மோதிக்கொண்டு அடுத்தடுத்த வீடுகளுக்குள் போகும். பத்து வீட்டில் ஆறு ரவுட்டர் இருந்தால் ஆறும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின் குரலை மற்றொன்று அமுக்கிக்கொண்டிருக்கும். அந்தப் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. போனில் இலவசமாகக் கிடைக்கும் வைஃபை அளவிடும் செயலியைத் திறந்தால் யார் எந்த எண்ணில் இருக்கிறார்கள் என்று வரைபடமாகவே காட்டும். அண்டை வீட்டார் இரண்டு பேர் பேசிப் பிரித்துக்கொள்ளலாம். இன்னும் நல்ல வழி 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போவது. அது சுவரை எளிதில் தாண்டாது என்பதைக் குறையாகச் சொல்வார்கள். லைன் வீட்டில் அதுவே நிறை. நம் அலை பெரும்பாலும் நம் வீட்டுக்குள் நிற்கும், பக்கத்து வீட்டு அலை நம்மிடம் குறைவாகவே வரும். ஓர் அறையும் சமையலறையும் மட்டுமே உள்ள வீட்டுக்குள் அந்த அலை தாண்ட வேண்டிய சுவரும் அதிகமில்லை. அதே செயலி சிக்னலின் அளவை மைனஸ் எண்ணாகவும் காட்டும். மைனஸ் 50 என்றால் செழிப்பு, மைனஸ் 80-ஐத் தொட்டால் வறட்சி. ரவுட்டரை ஒரு முழம் நகர்த்தி, எண் ஏறுகிறதா என்று பார்த்து, மறுபடி நகர்த்தலாம். இப்போது மாடிக்கும் பெட்டிக்கும் இடையே ஆள் நிற்க வேண்டியதில்லை, ஒருவரே செய்துவிடலாம்.

இதையெல்லாம் செய்வது இணைப்புக் கொடுக்க வரும் டெக்னீஷியனின் வேலை என்றும், வேகம் போதவில்லையென்றால் கூடுதல் வேகப் பிளானுக்கு மாறுவதே முறை என்றும் ஒரு கருத்து இருக்கிறது. டெக்னீஷியனைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு அவர் பல வீடு பார்க்க வேண்டும். கேபிள் நுழையும் இடத்தில் பெட்டியை மாட்டி, பக்கத்தில் நின்று சோதித்துக் காட்டிவிட்டுப் போவார். அவர் நின்ற இடத்தில் வேகம் சரியாகத்தான் இருக்கும். குழந்தை படிக்கும் உள்ளறையை அவர் பார்ப்பதில்லை. வாசலில் 100 எம்பிபிஎஸ் வந்து உள்ளறையில் ஐந்தாகத் தேய்கிறது என்றால், 300 எம்பிபிஎஸ் பிளான் வாங்கினாலும் அந்த அறைக்கு ஐந்து ஐந்தேதான். வழியில் நிற்கும் சுவர் பிளானைப் படிப்பதில்லை. ரிப்பீட்டர் வாங்கி மாட்டிவிடலாம் என்பார்கள். அங்கேதான் பழைய பூஸ்டர் பாடம் கைகொடுக்கிறது. பூஸ்டர் வந்த சிக்னலையும் வந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கியது. அதனால்தான் சிக்னல் தேய்வதற்கு முன், உச்சியில் மாட்டினார்கள். ரிப்பீட்டரை வைஃபை எட்டாத அறைக்குள்ளேயே மாட்டுகிறவர்கள் தேய்ந்ததையே மறுபடி ஒலிக்கச் செய்கிறார்கள். ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவே, எண் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் அது இருக்க வேண்டும். அதைவிடவும் மேலானது ஒரு லேன் கேபிளை இழுத்து உள்ளறையில் இரண்டாவது வைஃபை பெட்டி வைப்பது. கம்பியில்லா இணையத்தைச் சீராக்கும் சிறந்த மருந்து பல வீடுகளில் கம்பிதான். மாடியிலிருந்து கூடம் வரை வயர் இழுத்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதே இருந்திருக்காது.

2023-இல் ஏர்ஃபைபர் என்ற பெயரில் 5ஜி வழி வீட்டு இணையம் வந்தபின் மாடிக்கு ஆன்டெனா திரும்பியும் வந்துவிட்டது. வெள்ளைப் பெட்டி வடிவில் ஒரு கருவியை மாடியில் மாட்டி, கோபுரம் இருக்கும் பக்கம் திருப்பி, அங்கிருந்து வயரைக் கீழே இறக்குகிறார்கள். ஃபைபர் இழுக்க முடியாத பல்லடம், மங்கலம், பெருமாநல்லூர்ப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளுக்கு இது பெரிய உதவி. அங்கேயும் கேட்க வேண்டிய கேள்விகள் தாத்தா காலத்தவைதான். கோபுரம் எந்தப் பக்கம்? நடுவில் தென்னை வளர்ந்து மறைக்குமா? டேங்குக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார்களா? தெற்கில் மாட்டியதை மேற்கில் மாட்டினால் என்ன ஆகும்? மாட்டுகிறவரிடம் இதைக் கேட்டு, இரண்டு இடத்தில் வைத்துக் காட்டச் சொல்ல வீட்டாருக்கு உரிமை உண்டு. ஒரு எச்சரிக்கையும் அந்தக் காலத்திலிருந்தே வருகிறது. மாடிக் குழாய் மின்கம்பியில் பட்டு உயிர் போன வீடுகள் உண்டு. எதை நட்டாலும், எதைத் திருப்பினாலும், மின்கம்பியிலிருந்து குழாய் சாய்ந்தாலும் எட்டாத தூரம் விலகித்தான் செய்ய வேண்டும், இடிக்கு எர்த் கம்பி இறக்க வேண்டும்.

இவ்வளவு அக்கறை எதற்கு என்றால், அலை நம்முடையது. 1995-இல் வங்காள கிரிக்கெட் சங்கம் சம்பந்தப்பட்ட வழக்கில் காற்றலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு 2005-இலும் 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதிக்கு 2018-இலும் உரிமம் தேவையில்லை என்று அரசு விலக்கு அளித்தது. லைன் வீட்டுத் தொழிலாளியும் ஏற்றுமதி முதலாளியும் இங்கே சமம். யாரும் யாருக்கும் அலைக்கு வாடகை தர வேண்டியதில்லை. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி திட்டத்தில் தேநீர்க் கடைக்காரரோ காம்பவுண்டு உரிமையாளரோ தனி உரிமம் இல்லாமல், பதிவுக் கட்டணம் இல்லாமல், ஒரு இணைப்பை வாங்கிச் சுற்றியிருப்பவர்களுக்குச் சிறு தொகைக்குப் பகிரலாம். ஆறு ரவுட்டர் ஆறு கட்டணம் என்று தனித்தனியே கட்டி, ஒன்றை ஒன்று அமுக்கிக்கொண்டிருப்பதற்குப் பதில், ஒழுங்காக வைத்த இரண்டு பெட்டிகளில் ஒரு வரிசை முழுக்க வாழ முடியும். பாதுகாப்பு, யார் என்ன பார்த்தார் என்ற பொறுப்பு ஆகியவற்றைக் காட்டித் தயங்குவார்கள். ஒவ்வொருவரும் தம் போன் எண்ணால் அடையாளம் உறுதி செய்த பிறகே அந்த முறையில் இணைய முடியும் என்பதால் அந்தத் தயக்கத்துக்குப் பதில் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

வேலை இன்னும் எளிதாவது வீடு கட்டும்போதுதான். ஊரைச் சுற்றி, வேலம்பாளையத்திலும் வீரபாண்டியிலும் காங்கேயம் சாலையிலும், மாதந்தோறும் புதிய லைன் வீடுகளும் தொழிலாளர் விடுதிகளும் எழும்புகின்றன. தளத்துக்குக் கம்பி கட்டி, கான்கிரீட் போடுவதற்கு முன் மின்சாரக் குழாய் பதிக்கிறார்கள் அல்லவா, அதே நாளில் இன்னொரு வெறுங்குழாயையும் பதித்துவிட வேண்டும். மொட்டை மாடியிலிருந்து ஒவ்வொரு வீட்டின் நடுச்சுவருக்கும் ஒன்று, மின்கம்பிக் குழாயிலிருந்து விலகி. டிஷ் வயரும் லேன் கேபிளும் அதன் வழியே இறங்கும். நடுச்சுவரில் ஏழடி உயரத்தில் ஒரு பிளக் பாயின்ட், மாடியில் தென்கிழக்குப் பார்த்த மூலையில் டிஷ் மாட்ட ஒரு இரும்புக் குழாய், தண்ணீர் டேங்க் எதிர்மூலையில். கட்டும்போது கேட்டால் மேஸ்திரிக்கு இது அரைநாள் வேலை. பூசி முடித்த பிறகு கேட்டால் சுவரை உடைக்க வேண்டும்.